மாடல் மேல தப்பில்ல, அடியில விரிச்ச ஷீட்டு தான் ஆட்டத்தைக் கெடுத்துச்சு

ஒரு லேம்ப் ஷேடு பண்ணித் தர ஒத்துக்கிட்டேன். குடம் மாதிரி வயிறு பெருத்து, மேல கழுத்து குறுகின ஷேப், உடம்பு முழுக்க தேன்கூடு மாதிரி அறுகோண ஓட்டை, 3டி பிரிண்ட் பண்ணனும், அவ்ளோதான் வேலை. ஓட்டை போட்ட பேட்டர்னை சமதளத்துல அரை நாள்ல வரைஞ்சு முடிச்சுட்டேன், இதை அப்படியே எடுத்து குடத்து மேல சுத்திட்டா பத்து நிமிஷத்துல வேலை முடிஞ்சுதுன்னு நெனச்சேன். ரைனோங்கற 3டி மாடலிங் சாஃப்ட்வேர்ல அதுக்குன்னே ஃப்ளோ அலாங் சர்ஃபேஸ்னு ஒரு கமாண்ட் இருக்கே, அப்புறம் என்ன.

ஓட்டிப் பார்த்தா வயித்துகிட்ட அறுகோணம் எல்லாம் வாயைப் பொளந்துகிட்டு அகலமா கெடக்கு, கழுத்துகிட்ட நெட்டையா நசுங்கிப் போய் நிக்குது, இது போதாதுன்னு மொத்தப் பேட்டர்னும் குடத்துக்கு உள்பக்கமா பிதுங்கியிருக்கு. மூணு ராத்திரி பேட்டர்னையே திரும்பத் திரும்ப வரைஞ்சேன், ஒவ்வொரு தடவையும் வேற மாதிரி கோணலா வந்துச்சு. நாலாவது நாள் தான் புரிஞ்சுது, பேட்டர்ன்ல எந்தக் கோளாறும் இல்ல, நான் ஒரு தடவை கூட திரும்பிப் பாக்காத அந்த ரெண்டு ஷீட்டுல தான் எல்லாமே இருக்கு. இதே வழியில போறவங்க அந்த மூணு ராத்திரியை வீணாக்க வேணாம்னு தான் எழுதுறேன், கொஞ்சம் நீளமா போகும் பொறுத்துக்கோங்க.

மொதல்ல இது எப்படி வேலை செய்யுதுன்னு சொல்லிடறேன். ஒரு தட்டையான ஷீட்டு இருக்கு, அதை பேஸ் சர்ஃபேஸ்னு வைங்க, அது மேல உங்க மாடல் உக்காந்திருக்கு. இன்னொரு வளைஞ்ச ஷீட்டு இருக்கு, அது டார்கெட். மாடல்ல இருக்கற ஒவ்வொரு புள்ளிக்கும் சாஃப்ட்வேர் கேக்கறது மூணே கேள்வி: பேஸ்ல நீ யூ திசையில, அதாவது குறுக்குவாக்குல, மொத்தத்துல எவ்ளோ பங்கு தள்ளி இருக்க, வி திசையில, அதாவது நெடுக்குவாக்குல, எவ்ளோ பங்கு, ஷீட்டை விட்டு எவ்ளோ உயரத்துல இருக்க. அந்த மூணு பதிலையும் எடுத்துட்டுப் போய் டார்கெட்ல அதே யூ, அதே வி, அதே உயரத்துல புள்ளியை வச்சிடும். யூ, வி ரெண்டுலயும் நீளம்னு ஒன்னு எங்கயுமே வரல பாருங்க, பேஸோட அளவும் டார்கெட்டோட அளவும் பொருந்துதான்னு அது கவலையே படாது, பொருந்தலன்னா இழுக்கும் இல்லன்னா நசுக்கும்.

நான் போட்ட பேஸ் 300க்கு 150 மில்லிமீட்டர், கைக்கு வந்த அளவு. டார்கெட் குடத்தோட வயித்து ஆரம் 80, அப்போ சுத்தளவு 503 கிட்ட வருது. கழுத்து ஆரம் 40, சுத்தளவு 251. உயரம் நேரா அளந்தா 150 தான், ஆனா வளைவு மேலயே டேப்பை ஓட்டினா 190. இப்போ கணக்கு போடுங்க, வயித்துல அகலவாக்குல 68 சதவீதம் இழுபடுது, கழுத்துல 16 சதவீதம் சுருங்குது, உயரவாக்குல எல்லா இடத்துலயும் 27 சதவீதம் நீளுது. மூணு ராத்திரி நான் பார்த்த அத்தனை கோணலும் இந்த மூணு நம்பருக்குள்ள இருந்திருக்கு, கால்குலேட்டரை எடுத்திருந்தா அஞ்சு நிமிஷ வேலை.

அதனால இப்பல்லாம் மொதல் வேலையே டார்கெட்டை அளக்கறது தான். சுத்தளவை எடுத்து அதே அகலத்துக்கு பேஸ் போடுவேன், உயரத்தை வளைவு மேல அளந்து எடுப்பேன். சுத்தி வர பேட்டர்ன்னா கட்டம் முழு எண்ணா வரணும், இல்லன்னா ஆரம்பமும் முடிவும் சேர்ற இடத்துல பாதி அறுகோணமும் முக்கா அறுகோணமும் மூஞ்சைப் பாத்துகிட்டு நிக்கும். 503ஐ 50 பத்தியா, அதாவது மேலிருந்து கீழ போற வரிசையா, பிரிச்சேன், ஒன்னு பத்து மில்லிமீட்டருக்கு மேல துளியூண்டு வரும்.

இதையெல்லாம் பண்ண பிறகும் கழுத்துப் பிரச்சனை தீராது. வயித்துல 50 பத்தின்னா கழுத்துலயும் அதே 50 பத்தி தான், 10 மில்லிமீட்டர் அகலம் 5 ஆயிடும். இதை எந்த செட்டிங்காலயும் ஒழிக்க முடியாது, ரெண்டு பக்கமும் வளையற பரப்பை நீளம் மாறாம தட்டையா விரிக்கவே முடியாதுன்னு கணித மேதை காஸ் 1827லயே நிரூபிச்சுட்டாரு, உலக வரைபடம் போடறவங்களுக்கு இருக்கற அதே தலைவலி தான் நமக்கும். ஆனா அவங்க கிட்ட ஒரு தந்திரமும் இருக்கு. 1569ல மெர்கேட்டர்ங்கற வரைபடக்காரர் போட்ட உலக மேப்புல துருவத்துப் பக்கம் போகப் போக அகலவாக்குல எவ்ளோ இழுபடுதோ அதே அளவு உயரவாக்குலயும் இழுத்துவிட்டாரு, அதனால நாடுகளோட சைஸ் தப்பா இருந்தாலும் அந்தந்த இடத்துல ஷேப் கோணல. நான் அதையே தலைகீழா பண்ணேன், தட்டைப் பேட்டர்ன்ல கழுத்துப் பக்கம் போகப் போக வரிசையோட உயரத்தை அந்த இடத்து ஆரத்துக்குத் தகுந்த மாதிரி குறைச்சுகிட்டே வந்தேன், கழுத்துல ஆரம் பாதின்னா வரிசை உயரமும் பாதி. சுத்தினதுக்கு அப்புறம் மேல போகப் போக அறுகோணம் சின்னதாகுது, ஆனா அறுகோணமா தான் இருக்கு, பாக்கறவங்களுக்கு வேணும்னே அப்படி டிசைன் பண்ண மாதிரி தெரியும். கிளையண்டுக்கு ரொம்பப் பிடிச்சது இந்த விஷயம் தான், நான் வாயைத் திறக்கல.

இதுல இன்னொரு கண்ணி இருக்கு, ஓட்டைக்கு நடுவுல இருக்கற கம்பி. வயித்துல 1.6 மில்லிமீட்டர் கம்பின்னா கழுத்துல 0.8 ஆயிடும், பிளாஸ்டிக் வெளிய வர்ற பிரிண்டர் முனை, அந்த நாசில், 0.4ன்னா அது ரெண்டே கோடு, அந்த இடத்துல கையால அமுக்கினா படக்குனு போயிடும். அதனால தட்டையா வரையும்போதே கழுத்துப் பக்கம் கம்பியை 2.4 வரைக்கும் தடிமனாக்கினேன், சுத்தின பிறகு 1.2 நின்னுச்சு.

உள்ள பிதுங்கின கதைக்கு வருவோம். ஒவ்வொரு சர்ஃபேஸுக்கும் எது வெளிப்பக்கம்னு ஒரு திசை இருக்கு, நார்மல்னு சொல்வாங்க. பேஸ்ல மேல் நோக்கியும் டார்கெட்ல உள் நோக்கியும் இருந்தா உயரம் எல்லாம் உள்ள போயிடும். டிர் கமாண்ட் போட்டு ரெண்டு ஷீட்டுலயும் அம்பு எந்தப் பக்கம் பாக்குதுன்னு பாத்து திருப்பிவிட்டா முடிஞ்சுது. அதே மாதிரி ஷீட்டை செலக்ட் பண்ணும்போது எந்த மூலைக்குப் பக்கத்துல க்ளிக் பண்றோம்ங்கறதும் கணக்கு, பேஸ்ல கீழ் இடது மூலைன்னா டார்கெட்லயும் அதுக்கு ஜோடியான மூலைகிட்ட தான் க்ளிக் பண்ணனும். அறுகோணத்துல இடம் வலம் மாறினா யாருக்கும் தெரியாது, ஆனா வேற ஒரு வேலையில எழுத்து இருந்துச்சு, கண்ணாடியில பாக்கற மாதிரி திரும்பி வந்ததை பிரிண்ட் எடுத்த பிறகு தான் பார்த்தேன். அதுல இருந்து எந்த வேலையா இருந்தாலும் பேஸோட ஒரு மூலையில ஒரு எழுத்தைப் போட்டு வச்சிடறது, கடைசியில அழிச்சுக்கலாம்.

அளவும் சரி, திசையும் சரி, இருந்தும் குடத்தைச் சுத்தி வரும்போது சில இடத்துல அறுகோணம் லேசா நெருக்கமாவும் சில இடத்துல லேசா விலகியும் இருந்துச்சு. கண்ணுக்கு உறுத்துது ஆனா எங்கன்னு சொல்ல முடியல. இதைக் கண்டுபிடிக்க தான் ரொம்ப நேரம் ஆச்சு. நான் குடத்தை ஒரு கர்வை ரிவால்வ் பண்ணி, அதாவது ஒரு வளைகோட்டை நடு அச்சைச் சுத்தி சுழற்றி, செஞ்சிருந்தேன். அப்படி சாதாரணமா ரிவால்வ் பண்ணா வட்டம் நாலு கால்வட்டத்தை ஒட்டின மாதிரி தான் உள்ள இருக்கும், ஒவ்வொரு கால்வட்டத்துக்குள்ளயும் யூ சீரா நகர்ந்தாலும் தூரம் சீரா நகராது. காகிதத்துல போட்டுப் பார்த்தேன், கால்வட்டம் சேர்ற இடத்துல சராசரியை விட 10 சதவீதம் நெருக்கம், நடுவுல அஞ்சரை சதவீதம் விரிவு. ஒரு வட்டத்தை வட்டமா பாத்தா துல்லியமா இருக்கு, பேட்டர்னைச் சுத்தினா தான் வண்டவாளம் தெரியுது. ரிவால்வ் பண்ணும்போது டிஃபார்மபிள்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, அதைப் போடணும், இல்ல ஏற்கனவே பண்ணிட்டா ரீபில்ட் பண்ணி, அதாவது அதே ஷேப்ல ஷீட்டைப் புதுசா கட்டி, டிகிரி 3ல (வளைவு எவ்ளோ வழவழப்பா போகும்ங்கறதுக்கான எண்) வளைவைப் பிடிச்சு வைக்கற கண்ட்ரோல் பாயிண்ட் சீரா வர்ற மாதிரி மாத்திக்கணும். ரீபில்ட் பண்ணா ஷேப் துளி நகரும், எவ்ளோ நகருதுன்னு அதுவே காட்டும், லேம்ப் ஷேடுக்கு அது ஒரு பொருட்டே இல்ல. ஒரு பார்ட்டுக்குள்ள இன்னொன்னு போய் உக்காரணும்னா மட்டும் யோசிங்க.

முழுப் பந்துக்கு மேல சுத்தறவங்களுக்கு ஒன்னு சொல்லிக்கறேன், மேல கீழ ரெண்டு துருவத்துலயும் ஷீட்டோட ஒரு முழு ஓரமும் ஒரே புள்ளியா சுருங்கி இருக்கும், அங்க போற பேட்டர்ன் எல்லாம் ஊசி முனையா தான் முடியும். துருவத்தை வெட்டி எறிஞ்சிட்டு அங்க ஒரு மூடி போடுங்க, அதோட மல்லுக்கட்டாதீங்க. டிரிம் பண்ண சர்ஃபேஸும் அப்படித்தான், நம்ம கண்ணுக்குத் தெரியறது வெட்டின பகுதி, ஆனா கமாண்ட் பாக்கறது வெட்டறதுக்கு முன்னாடி இருந்த முழு ஷீட்டை, பாதி பேட்டர்ன் ஆகாசத்துல தொங்கும். முழு ஷீட்டை வெட்டின பகுதி அளவுக்குச் சுருக்கற ஷ்ரிங்க் கமாண்டைப் போட்டா கொஞ்சம் சரியாகும், வெட்டு கோணலா இருந்தா ஆகாது, அப்போ அந்த இடத்துக்குப் பொருந்தற மாதிரி நாலு ஓரம் உள்ள புது ஷீட்டு ஒன்னு கட்டிடறது தான் நிம்மதி.

தடிமன் விஷயத்தை நெறைய பேர் மறந்துடறாங்க, நானும் தான். ஷீட்டு மேல உக்காந்திருக்கற அடிப்பக்கம் சரியா வரும், ஆனா மேல்பக்கம் ஷீட்டை விட்டு தள்ளி இருக்கே, அது வேற ஆரத்துல போகுது. ஆரம் 80, தடிமன் 4ன்னா வெளிப்பக்கம் 84க்கு 80, 5 சதவீதம் கூடுதலா இழுபடும், யாருக்கும் தெரியாது. அதே 4 மில்லிமீட்டரை ஆரம் 10 இருக்கற விளிம்புல போட்டா 40 சதவீதம். உள்பக்கமா குழிஞ்ச இடம்னா இன்னும் மோசம், குழியோட ஆரம் 3, நீங்க அதுக்குள்ள 4 உயரம் எழுப்பறீங்கன்னா மேல்பக்கம் ஒன்னுக்குள்ள ஒன்னு புகுந்து தானே தன்னை வெட்டிக்கும், மாடலை பிரிண்டருக்கு அடுக்கடுக்கா வெட்டித் தர்ற ஸ்லைசர் அதைப் பாத்து முழிக்கும். அதனால டார்கெட்ல ரொம்ப சின்ன ஆரம் எங்க இருக்குன்னு கர்வேச்சர் அனாலிசிஸ் போட்டுப் பாத்துட்டு தான் உயரத்தை முடிவு பண்றேன்.

வளையப் போற மாடலுக்கும் வளையறதுக்கு புள்ளி வேணும். மெஷ்ல, அதாவது சின்னச் சின்ன தட்டை முகங்களால ஆன மாடல்ல, ஒரு நேர்கோடுன்னா ரெண்டு முனையில மட்டும் தான் புள்ளி இருக்கும், ஷீட்டு வளைஞ்சாலும் நடுவுல அது நேராவே தான் கிடக்கும். எவ்ளோ விலகும்னு ஈஸியா கணக்கு போடலாம், கோட்டு நீளத்தை அதாலேயே பெருக்கி, ஆரத்தோட எட்டு மடங்கால வகுத்துக்கோங்க. 5 மில்லிமீட்டர் கோடு, ஆரம் 80ன்னா 0.04, கவலையில்ல. ஆரம் 10ன்னா 0.3, வெளிச்சம் பட்டா பட்டை பட்டையா தெரியும். நர்ப்ஸ்ல, அதாவது கண்ட்ரோல் பாயிண்டை வச்சு வளைவை வரையற மாடல்ல, ஒத்தை சர்ஃபேஸா இருந்தா பிரிசர்வ் ஸ்ட்ரக்சர்னு கேக்கும், அதுக்கு ஆமான்னு சொல்லிட்டா இருக்கற கண்ட்ரோல் பாயிண்டை மட்டும் நகத்தும், பாயிண்ட் கம்மின்னா சரியா வளையாது. வேணாம்னு சொன்னா தேவையான அளவு பாயிண்டை அதுவே சேர்த்துக்கும், ஆனா ஃபைல் ஊதிப் போயிடும், அதுக்கப்புறம் அதைத் தொட்டு எடிட் பண்றது நரகம். நான் மொதல்லயே அளவா ரீபில்ட் பண்ணி பாயிண்ட் சேர்த்துட்டு ஆமான்னு போடறேன்.

ஸ்க்ரூ ஓட்டை, ரிவெட், கல்லு இந்த மாதிரி வட்டம் வட்டமாவே இருக்கணும்னா அதை மட்டும் தனியா ரிஜிட் ஆப்ஷன்ல அனுப்பணும், அது ஷேப்பை மாத்தாம இடத்தையும் சாய்வையும் மட்டும் மாத்தும். எல்லாத்தையும் ஒன்னா அள்ளி அனுப்பிட்டு ஸ்க்ரூ ஏன் போகலன்னு பேந்தப் பேந்த முழிச்ச ஆளு நான்.

இவ்ளோ அடிபட்ட பிறகு இப்போ என்ன பண்றேன்னா, பேஸ் ஷீட்டுல 10 மில்லிமீட்டர் வட்டமா வரிசையா போட்டு, ஹிஸ்டரியை ஆன் பண்ணிட்டு, அந்த வட்டங்களை மட்டும் டார்கெட்டுக்கு ஃப்ளோ பண்ணிப் பாக்கறேன். வட்டம் எங்க முட்டையாகுதோ அங்க இழுபடுது, எங்க குட்டியாகுதோ அங்க சுருங்குது, எல்லாம் பளிச்சுனு தெரிஞ்சிடும். ஹிஸ்டரி ஆன்ல இருக்கறதால டார்கெட்டோட கண்ட்ரோல் பாயிண்டை நகத்தினா வட்டமும் கூடவே மாறும், நமக்குப் பிடிச்ச மாதிரி வர்ற வரைக்கும் ஷீட்டை ஆட்டிகிட்டே இருக்கலாம். வட்டம் லேசானது, கம்ப்யூட்டர் மூச்சு வாங்காது. உண்மையான பேட்டர்னை கடைசியா ஒரே ஒரு தடவை தான் அனுப்பறது.

ஷீட்டுக்கு பதிலா கூண்டு போட்டு வளைக்கறதும் இதே குடும்பம் தான், கேஜ்னும் லேட்டிஸ்னும் சொல்வாங்க. 1986ல செடர்பெர்க், பேரின்னு ரெண்டு ஆய்வாளர்கள் இதை எழுதும்போது வளையக்கூடிய கண்ணாடி மாதிரி தெளிவான பிளாஸ்டிக் கட்டிக்குள்ள பொருளைப் பதிச்சு வச்சு கட்டியை வளைச்சா உள்ள இருக்கறதும் கூடவே வளையும்னு உவமை சொல்லியிருப்பாங்க, அதை விட நல்லா யாரும் சொன்னதா எனக்குத் தெரியல. ஒரு நாற்காலி கைப்பிடிக்கு இதைப் போட்டேன், திசைக்கு நாலு பாயிண்ட், மொத்தம் 64. டிகிரி 3ல நாலே பாயிண்ட்னா ஒன்னை நகத்தினா மொத்தக் கட்டியும் கொஞ்சமாவது அசையும், குறிப்பா ஒரு இடத்தை மட்டும் தூக்கணும்னா பாயிண்டைக் கூட்டணும். உடனே பத்து, பன்னெண்டுன்னு கூட்டிடாதீங்க, ஒவ்வொன்னா நகத்தி நகத்தி மேடும் பள்ளமுமா கொத்துன ரோடு மாதிரி ஆயிடும்.

அந்தக் கைப்பிடியோட ஒரு முனை நாற்காலி முதுகோட ஒட்டி இருந்துச்சு, வளைச்சதும் அந்த ஜாயிண்ட்ல விரிசல். இதுக்கு சுலபமான ஒரு விதி இருக்கு: ஒட்டற பக்கத்துல கூண்டோட மொத வரிசை பாயிண்டை அசைக்காம விட்டா விரிசல் வராது, மொத ரெண்டு வரிசையை விட்டா ஜாயிண்ட்ல மடிப்பும் தெரியாது, மூணை விட்டா வெளிச்சம் ஓடறது கூட தடையில்லாம ஓடும். ஆனா ரெண்டு பக்கமும் ஒட்டியிருக்கு, கூண்டுல இருக்கறதே நாலு வரிசைன்னா பக்கத்துக்கு ரெண்டா புடிச்சுகிட்டா ஆட்டறதுக்கு ஒன்னும் மிச்சம் இருக்காது. அதனால எத்தனை வரிசை அசையாம நிக்கணும்னு மொதல்ல எண்ணிட்டு, அதுக்கு மேல ரெண்டு மூணு சேர்த்து தான் கூண்டோட பாயிண்ட் கணக்கைப் போடணும்.

பிளெண்டர்னு இன்னொரு 3டி சாஃப்ட்வேர்ல வேலை பண்றவங்களுக்கு சர்ஃபேஸ் டிஃபார்ம்னு ஒரு மாடிஃபையர் 2.79 வெர்ஷன்லேயே வந்துடுச்சு, துணி சிமுலேஷனை கம்மி பாலிகான் மெஷ்ல ஓடவிட்டு அதை வச்சு பாக்கெட்டு, தையல், பட்டன் எல்லாம் இருக்கற கனமான சட்டையை ஓட்டறதுக்கு அருமை. கனமான சட்டையை அதை ஓட்டற மெஷ்ஷோட கட்டிப்போடறதுக்குப் பேரு பைண்ட், அது ஆகலன்னு அடம்புடிச்சா பெரும்பாலும் ஓட்டற மெஷ்ல தான் கோளாறு இருக்கும், ஒரே இடத்துல ரெண்டு புள்ளி, ஒரு எட்ஜ்ல மூணு முகம், உள்பக்கமா குழிஞ்ச முகம், இந்த மூணையும் மொதல்ல தேடுங்க. பைண்ட் பண்ண பிறகு எந்தப் பக்கமும் புள்ளி எண்ணிக்கையை மாத்தக்கூடாது, மாத்தினா மறுபடி பைண்ட் தான். நான் பண்ணின பெரிய தப்பு, கையைத் தொங்கவிட்ட போஸ்லயே பைண்ட் பண்ணிட்டேன், கைப்பக்கத்துத் துணியில பாதி இடுப்போட போய் ஒட்டிகிச்சு, கையைத் தூக்கினா சட்டை சூயிங்கம் மாதிரி இழுத்துகிட்டு வருது. அது பக்கத்துல எது இருக்கோ அதைப் புடிச்சுக்கும், கையா இடுப்பான்னு அதுக்குத் தெரியாது, கையை விரிச்ச போஸ்ல பைண்ட் பண்ணா இந்த வம்பே இல்ல.

ஷேடு கடைசியில நல்லா வந்துச்சு. சேர்ற இடத்துல மட்டும் பின்பக்கம் மயிரிழை மாதிரி ஒரு கோடு, பல்பு எரிஞ்சா தான் தெரியும், எவ்ளோ முயற்சி பண்ணியும் போகல. வயர் வெளிய வர்றதுக்கு ஒரு ஓட்டை எங்கயாவது போட்டுத்தானே ஆகணும், அந்தக் கோட்டு மேலயே போட்டு, வயரை அது மேலயே கீழ வரைக்கும் இறக்கி கிளிப் பண்ணிட்டேன்.